எரிமலை வாயில் ஒரு வாழ்நாள்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி., நிலவியல்

நிலவியல் பயிலும் மாணவருக்கு வகுப்பறை ஒரு பாதி. களப்பயணம் மறு பாதி. சுத்தியல், திசைகாட்டி, கைவில்லை, குறிப்பேடு ஆகியவற்றைத் தோள்பையில் இட்டுக்கொண்டு நான்கைந்து நாள்கள் மலையடிவாரங்களில் அலைகிறோம், கல் உடைக்கிறோம், பை நிறையக் கற்களோடு திரும்புகிறோம். அறிக்கை எழுதி ஒப்படைத்துவிட்டால் பயணம் முடிந்தது என்பது நம் எண்ணம். ஆனால் ஓர் அறிஞர் எரிமலையின் வாய்க்குள் களப்பயணம் போனார். அந்தப் பயணம் முடிய 28 ஆண்டுகள் ஆயின! அவர்தாம் தாமஸ் அகஸ்டஸ் ஜாகர்.

எரிமலை வெடித்த பிறகு கப்பலேறிச் சென்று, சாம்பலை அள்ளிப் பார்த்து, நூல் எழுதுவதே ஆராய்ச்சி என்று பலரும் எண்ணியிருந்த காலம் அது. வெடிப்பதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும், இரவும் பகலும் இருக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, தம் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தவர் ஜாகர். ஏன் அப்படி முடிவு செய்தார்? அதனால் விளைந்தது என்ன? இவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் கல்வியும்

ஜாகர் 1871ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் கிறித்தவ சமயப் பேராயர். சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தாருடன் ஐரோப்பா சென்று, இத்தாலியின் வெசுவியஸ் எரிமலைமீது ஏறிப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்று 1897இல் முனைவர் பட்டம் பெற்றார். இடையில் செருமனிக்கும் சென்று கற்றார்.

ஆசிரியராக இருந்த அந்நாளில் அவருக்கு இருந்த ஆசையெல்லாம் இயற்கையை மேசைமேல் கொண்டுவந்து பார்ப்பதுதான். மணலையும் மெழுகையும் நீரையும் கொண்டு, மலை மடிவது எப்படி, பாறைப் படலங்களுக்கிடையே குழம்பு புகுந்து மேல்மண்ணைத் தூக்குவது எப்படி, வெந்நீர் ஊற்று பீறிடுவது எப்படி என்று சிறு சிறு மாதிரிகள் செய்து காட்டினார். ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தே பெரும்பேராசிரியராகப் புகழ்பெற்று ஓய்வுபெற்றிருக்கலாம். விதி அவரை வேறு வழியில் அழைத்தது.

சாம்பலான நகரம்

மேற்கிந்தியத் தீவுகளில் மார்ட்டினிக் என்பது ஒரு பிரெஞ்சுத் தீவு. அதன் அழகிய துறைமுக நகரம் செயின்ட் பியர். நகருக்குப் பின்னால் நின்றது பெலே மலை. 1902ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலே மலை புகைந்தது. தெருக்களில் சாம்பல் விழுந்தது. கந்தக நெடி மூச்சை அடைத்தது. எனினும் நகரம் காலி செய்யப்படவில்லை. மே 8ஆம் நாள் காலை மலையின் பக்கத்திலிருந்து அனல் முகில் ஒன்று தரையோடு தரையாக உருண்டு வந்து நகரை மூடியது. சில நிமிடங்களில் ஏறத்தாழ 28,000 மக்கள் மாண்டனர். நகருக்குள் உயிர் தப்பியவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

அமெரிக்க அரசு நிவாரணப் பொருள்களுடன் டிக்சி என்ற கப்பலை அனுப்பியது. அதில் சென்ற அறிவியலாளருள் ஜாகரும் ஒருவர். பேரழிவு நிகழ்ந்து இரண்டு வாரங்கூட ஆகாத நிலையில் அவர் அந்த இடிபாடுகளுக்கிடையே நடந்தார். சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. வீதிகள் இருந்தன, மக்கள் இல்லை. அதுவரை எரிமலை என்பது அவருக்குப் பாறையையும் வாயுவையும் பற்றிய வினா. அன்று முதல் அது மனித உயிரைப் பற்றிய வினாவாகியது. மலை பல நாள் முன்னதாகவே பேசியிருக்கிறது. அதன் மொழியை அறிந்தவர் அருகில் எவரும் இல்லை. அதனால் அன்றோ இத்தனை உயிர்கள் போயின! இந்த எண்ணம் அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

1906இல் வெசுவியஸ் சீறியது, அங்கும் சென்றார். 1908 டிசம்பரில் இத்தாலியின் மெசினா நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. 1910இல் கோஸ்டாரிகாவின் கார்த்தாகோ நகர் நிலநடுக்கத்தால் அழிந்தது. எங்கும் ஒரே கதை. அறிஞர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. மருத்துவர் நோயாளியை இறந்த பிறகே பார்க்கிறார் என்றால் மருத்துவம் வளர்வது எங்ஙனம்? எரிமலையின் அருகிலேயே நிலையான ஆய்வுக்கூடம் வேண்டும் என்று ஜாகர் ஓயாது வற்புறுத்தலானார். வெசுவியசில் 1841 முதலே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. ஜப்பானில் ஓமோரி என்ற பேரறிஞர் நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை அமைத்து அரும்பணி ஆற்றி வந்தார். 1909இல் ஜாகர் ஜப்பான் சென்றார். அந்தப் பயணத்தின்போதுதான் ஹவாய்த் தீவில் இறங்கி, கிலவேயா என்ற எரிமலையைக் கண்டார்.

கிலவேயாவில் குடியேறுதல்

கிலவேயா நம் பாடநூற்படங்களில் காணும் கூம்பு மலை அன்று. கவிழ்த்து வைத்த கேடயம்போல் பரந்து தாழ்ந்த மலை. உச்சி உள்ளே அமிழ்ந்ததால் சில கிலோமீட்டர் அகலமுள்ள பெரும்பள்ளம் ஒன்று அங்கே உண்டாகியிருக்கிறது. நிலவியலார் இதனைக் கால்டெரா என்பர். அந்தப் பள்ளத்துக்குள் இன்னொரு குழி. அதன் பெயர் ஹலேமவுமவு. ஜாகர் கண்ட நாளில் அக்குழிக்குள் தீக்குழம்பு ஏரியாக நின்று அலைமோதிக்கொண்டிருந்தது. பெலே என்னும் தீத்தெய்வம் அங்கு உறைவதாக ஹவாய் மக்கள் வழிவழியாக நம்பினர். மார்ட்டினிக்கின் பெலே மலைக்கும் இத்தெய்வத்துக்கும் பெயரொற்றுமை தற்செயலே. அங்கே அது பிரெஞ்சுச் சொல். குளிர்ந்த குழம்பில் கயிறு திரித்தாற்போல் இருப்பதைப் பஹோய்ஹோய் என்றும், கரடுமுரடாக உடைந்து கிடப்பதை ஆ ஆ என்றும் நாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிறோமே, அவை இம்மக்களின் மொழி தந்த சொற்களே.

வெடித்துச் சிதறும் எரிமலையை அணுக முடியாது. கிலவேயாவின் குழம்போ பெரும்பாலும் அமைதியாகப் பொங்கி வழிவது. ஆண்டு முழுவதும் அருகில் இருந்து பார்க்கலாம். ஆகவே மலையின் மொழியைக் கற்க இதுவே தக்க பள்ளி என ஜாகர் தேர்ந்தார். அப்போது அவர் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நிலவியல் துறைத் தலைவர். அந்நிறுவனத்துக்கு விட்னி குடும்பத்தார் அளித்த 25,000 டாலர் நன்கொடை இம்முயற்சிக்கு வித்தாயிற்று. ஹொனலூலு வணிகப் பெருமக்கள் ஒரு சங்கம் அமைத்து மேலும் பொருள் தர முன்வந்தனர்.

1911ஆம் ஆண்டுக் கோடையில், ஜாகரின் ஏற்பாட்டின்படி பெரெட், ஷெப்பர்டு என்ற இருவர் முன்னோடிகளாக வந்தனர். குழிக்குக் குறுக்கே கம்பிவடம் கட்டி, அதிலிருந்து மின்வெப்பமானியைத் தீக்குழம்பில் இறக்கினர். கருவி அழிவதற்குள் ஏறத்தாழ 1,000 டிகிரி சென்டிகிரேடு என்று காட்டியது. 1912 ஜனவரியில் ஜாகரே வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே கைதிகளைக் கொண்டு நிலவறை தோண்டப்பட்டது. ஆறடிக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பலையும் நுரைக்கல்லையும் அகழ்ந்து, கெட்டியான பழைய குழம்புப்பாறை தட்டுப்பட்ட இடத்தில் அடித்தளம் இட்டனர். அதன்மேல் நில அதிர்வுமானிகள் நிறுவப்பட்டன. ஹவாய் எரிமலை ஆய்வுக்கூடம் பிறந்தது இவ்வாறுதான். பேராசிரியப் பதவி, நகர வாழ்க்கை, நண்பர் கூட்டம் அனைத்தையும் துறந்து ஜாகர் மலை விளிம்பில் குடியேறினார். அவருடைய முதல் மணவாழ்க்கை இந்நாள்களிலேயே முறிந்தது. 1917இல் அவர் மணந்த இசபெல் அம்மையார் பள்ளி ஆசிரியை. கணவரோடு சேர்ந்து தாமும் எரிமலையை நோக்கிக் குறிப்பெடுக்கும் துணைவியானார்.

வாய்க்குள் இறங்குதல்

தொடங்கிய ஆண்டிலேயே ஓர் அரிய களப்பணி நடந்தது. எரிமலை வாயுவில் நீராவி உண்டா இல்லையா என்பது அக்காலத்துப் பெரிய வழக்கு. இல்லவே இல்லை, காற்றிலிருந்து கலந்ததே என்று வாதிட்டோரும் இருந்தனர். 1912 மே மாதம் டே, ஷெப்பர்டு என்ற இருவரும் குழிக்குள் இறங்கி, தீக்குழம்பிலிருந்து வெளிவரும் வாயுவைக் காற்றுப் படாமல் கண்ணாடிக் குழாய்களில் பிடித்தனர். குழாய்களுக்குள் நீர் திரண்டு நின்றது. வழக்குத் தீர்ந்தது! பின்னாளில் ஜாகரும் தாமே இறங்கி வாயு பிடித்தார். 1917 முதல் 1919 வரை அவர் சேகரித்தவற்றுள் சில மிகத் தூய்மையானவை. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் வேதியியலார் அவற்றின் பகுப்பாய்வையே எடுத்தாண்டனர்.

1917ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தீக்குழம்பு ஏரி குழியின் விளிம்பை நோக்கி உயர்ந்து வந்தது. ஜாகரும் உதவியாளர்களும் குழிக்குள் இறங்கி, ஏரியின் கரையாக உறைந்து நின்ற பாறைத் தட்டின்மேல் நடந்தனர். சில அடி தொலைவில் கருந்தோல் போர்த்த தீ ஏரி. தோல் கிழியும் இடமெல்லாம் செந்நிறக் கோடுகள். ஆங்காங்கே தீ ஊற்றுகள். முகத்தை மறைக்காமல் நிற்க முடியாத வெம்மை. காற்றுத் திசை மாறினால் கந்தகப் புகை சூழ்ந்துகொள்ளும். அங்கே நின்றுகொண்டு, நீண்ட இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து ஏரிக்குள் செலுத்தினர். குழாய்க்குள் சிறு களிமண் கூம்புகள் வைக்கப்பட்டிருந்தன. இன்ன வெப்பத்தில் இன்ன கூம்பு இளகும் என்பது முன்பே அறிந்தது. பீங்கான் சூளைகளில் இம்முறை உண்டு. குழாயை வெளியே இழுத்து, எந்தக் கூம்பு சாய்ந்தது என்று பார்த்தால் வெப்பம் தெரிந்துவிடும்.

கிடைத்த விடை அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஏரி அடியற்ற ஆழமுடையதன்று. நீர்போல் ஓடும் குழம்பின் ஆழம் ஏறத்தாழ 15 மீட்டர்தான். அதற்குக் கீழே பாகுபோல் இறுகிய குழம்பு. மேற்பரப்பைவிடச் சற்றுக் கீழே வெப்பம் குறைவு. மேலே வாயுக்கள் எரிவதால் அங்கே சூடு மிகுகிறது. பூமியின் வயிற்றிலிருந்து நேரே நிற்கும் நெருப்புத் தூணின் தலையே இந்த ஏரி என்று கற்பனை செய்திருந்தவர்களுக்கு இரும்புக் குழாய் ஒன்று மறுமொழி கூறிவிட்டது.

ஆனால் ஜாகரின் பெருமை இத்தகைய துணிச்சலான நாள்களில் மட்டும் இல்லை. ஒன்றும் நிகழாத நாள்களிலும் அவர் அங்கே இருந்தார். ஏரி இன்று எத்தனை அடி உயர்ந்தது, எத்தனை முறை நிலம் அதிர்ந்தது, நிலவறைக் கருவியின் ஊசல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று நாள்தோறும் எழுதினார். வாரந்தோறும் அச்சிட்டு வெளியிட்டார். ஊசல் சாய்வதைக் கொண்டே, குழம்பு சேரும்போது மலை ஊதுகிறது, வடியும்போது தாழ்கிறது என்னும் உண்மை புலப்பட்டது. மலை மூச்சு விடுகிறது என்பது கற்பனை அன்று, அளக்கத்தக்க உண்மை!

அந்த மலையும் எப்போதும் சாதுவாக இருந்துவிடவில்லை. 1924 பிப்ரவரியில் ஏரி வடிந்து மறைந்தது. மே மாதம் குழி இடிந்து, பெரும் வெடிப்புகள் தொடர்ந்தன. பல டன் எடையுள்ள பாறைகள் வெளியே வீசப்பட்டன. நெருங்கிச் சென்ற ஒருவர் உயிரிழந்தார். குழியின் அகலம் இருமடங்குக்கு மேல் பெருகியது. அமைதியான மலை என்று எந்த மலையையும் நம்பிவிடலாகாது என்ற பாடத்தைக் கிலவேயா கற்பித்தது.

கேளாத செவியும் கேட்ட செவியும்

எரிமலைக்காக அமைத்த கருவி எதிர்பாராத வேறொரு பயனையும் தந்தது. 1923 பிப்ரவரி 3ஆம் நாள் நிலவறையில் இருந்த அதிர்வுமானி, வெகு தொலைவில் நிகழ்ந்த ஒரு பெரு நிலநடுக்கத்தைப் பதிந்திருந்தது. இடம் ரஷ்யாவின் கம்சட்கா கடற்கரை. நில அதிர்வு நிமிடக் கணக்கில் வந்து சேரும். கடலலையோ அதே தொலைவைக் கடக்கப் பல மணி நேரம் எடுக்கும். ஆகவே நிலம் அதிர்ந்ததைக் கண்டவன் அலை வருமுன் சொல்ல முடியும்! ஜாகர் கணக்கிட்டு, ஹீலோ துறைமுகத்துக்குப் பேரலை வரக்கூடும் என்று அறிவித்தார். துறைமுகத்தில் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலை வந்தது. படகுகள் நொறுங்கின. மீனவர் ஒருவர் மாண்டார்.

பத்தாண்டுகள் கழிந்தன. 1933 மார்ச்சில் ஜப்பானின் சன்ரிக்கு கடற்கரையருகே கடல்தளம் குலுங்கியது. அந்நாட்டில் எழுந்த அலைக்கு ஏறத்தாழ 3,000 பேர் பலியாயினர். அதிர்வு கிலவேயாவின் கருவியிலும் பதிந்தது. ஜாகரின் ஆய்வுக்கூடம் மீண்டும் எச்சரித்தது. இம்முறை கரையோரத்தார் செவிசாய்த்தனர். படகுகளை அப்புறப்படுத்தினர், சரக்குகளை மேட்டுக்கு ஏற்றினர், தாமும் விலகினர். சொன்ன வேளையை ஒட்டி அலை வந்து கரையைத் தாக்கியது. ஹவாயில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. செயின்ட் பியர் இடிபாடுகளில் நடந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய பரிசு வேறு என்ன வேண்டும்?

எல்லா முயற்சியும் இப்படி ஐயமின்றி வென்றதாகச் சொல்ல முடியாது. 1935 நவம்பரில் மவுனா லோவா எரிமலை பொங்கி, குழம்பு ஹீலோ நகரின் நீர்வளத்தை நோக்கி ஊர்ந்து வந்தது. ஜாகரின் வேண்டுகோளின்படி டிசம்பர் 27ஆம் நாள் இராணுவ விமானங்கள் குழம்பு ஓடும் வழியில் குண்டு வீசின. சில நாள்களில் ஓட்டம் நின்றது. குண்டுகளே நிறுத்தின என்று ஜாகர் நம்பினார். எரிமலை தானாகவே ஓய்ந்த வேளையில் குண்டும் விழுந்தது என்பது பிற்கால அறிஞர் பலர் கருத்து. பெரியோர் செய்தார் என்பதற்காக நாம் ஆராயாமல் ஏற்க வேண்டியதில்லை. நாள்தோறும் அளந்து எழுதிய ஜாகர் வாழ்ந்து காட்டிய நெறியும் அதுவே.

இறுதி நாள்கள்

பொருள்முடை அவரை எப்போதும் துரத்தியது. ஆய்வுக்கூடம் 1919இல் அரசின் வானிலைத் துறைக்கும், 1924இல் நிலவியல் ஆய்வுத் துறைக்கும், 1935இல் தேசியப் பூங்காத் துறைக்கும் கைமாறியது. எத்துறை ஆண்டாலும் எழுதுகோல் நிற்கவில்லை. 1940இல் ஜாகர் ஓய்வுபெற்று, ஹொனலூலுவில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புகொண்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் கண்முன்னே இன்னொரு துயரம் நிகழ்ந்தது. 1946 ஏப்ரல் முதல் நாள் அலூஷியன் தீவுகளருகே கடல்தளம் அதிர்ந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்துப் பேரலை ஹவாயைத் தாக்கியது. ஐந்து மணி நேரம் இருந்தும் மக்களை எச்சரிக்க ஏற்பாடு எதுவும் இல்லை. 159 பேர் மாண்டனர். 23 ஆண்டுகளுக்கு முன்பே ஜாகர் காட்டிய வழி, இத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்த பிறகே அரசுக்கு வழியாகப் பட்டது. 1949இல் பசிபிக் பகுதிக்கு அலை எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. ஜாகர் அதனைக் கண்டு, 1953 ஜனவரி 17ஆம் நாள் தம் 81ஆம் வயதில் மறைந்தார். அவருடைய தன்வரலாறு 1956இல் நூலாக வந்தது.

இந்த எச்சரிக்கை முறையின் அருமை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராவருகே நிலம் அதிர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்தே நம் கரைக்கு அலை வந்தது. நமக்கும் அன்று எச்சரிக்க ஏற்பாடு இல்லை. நாகப்பட்டினமும் கடலூரும் அதன் விலையை அறியும். 2007இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட எச்சரிக்கை மையமும், நிலவதிர்வு முந்தும், கடலலை பிந்தும் என்ற அதே கணக்கையே அடித்தளமாகக் கொண்டது.

நிலைத்த நினைவுச்சின்னம்

கிலவேயாவின் விளிம்பில் ஜாகர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. 2018இல் மலையுச்சி மீண்டும் இடிந்து அமிழ்ந்தபோது, அக்கட்டடமும் அருகிலிருந்த ஆய்வுக்கூடக் கட்டடமும் பழுதுபட்டுப் பின்னர் அகற்றப்பட்டன. அவர் பெயர் தாங்கிய கட்டடத்தை அவர் காதலித்த மலையே எடுத்துக்கொண்டது எனலாம். ஆனால் அவ்வாண்டுக் குழம்பு வெள்ளத்தில் 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தும், ஓர் உயிர்கூட அதற்குப் பலியாகவில்லை. நிலம் ஊதுவதையும் அதிர்வதையும் ஆய்வுக்கூடத்தார் அளந்துகொண்டே இருந்தனர். மக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தனர். 1902இல் 28,000 பேர். 2018இல் ஒருவரும் இல்லை. இரண்டும் வேறு வேறு இயல்புடைய எரிமலைகள் என்பது உண்மையே. ஆயினும், மலை பேசும்போது கேட்பதற்கு ஆள் இருந்தது என்ற வேறுபாட்டை எவரால் மறுக்க முடியும்? அதுவே ஜாகரின் நினைவுச்சின்னம்.

மாணவத் தோழர்களே! களப்பயணத்தில் ஒன்றுமே கிடைக்காத நாளில் குறிப்பேட்டை மூடிவைக்க நம் கை விரையும். அன்றும் திறந்து, தேதியிட்டு, கண்டதைக் கண்டவாறு எழுதுவோம். அந்த ஒரு வரி என்றைக்கு யாருடைய உயிரைக் காக்கும் என்பதை இன்று யார் அறிவார்?